சூப் கிண்ணத்துக்கு வெள்ளோட்டம்

என் சகலை ஆனந்தராஜ் வீட்டுக்கு என் வீட்டிலிருந்து ஒரு துரும்புகூடப் போகாது. இது சபதம். நடுக்கூடத்தில் நின்று, சாமி படத்தைப் பார்த்து, என் மனைவி அஞ்சுகத்தின் காதில் விழும்படி செய்த சபதம்.

காரணம் இல்லாமல் சபதம் செய்கிற ஆள் இல்லை நான். சகலை சென்னையில் வீடு கட்டினான். கட்டட்டும். கிரகப்பிரவேசத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைக்க வேண்டாமா? பத்திரிகையைக் கூரியரில் அனுப்பினான்! அந்தக் கூரியரும், அங்கே பால் காய்ச்சி, பந்தி போட்டு, பந்தலைப் பிரித்த பிறகுதான் காரைக்கால் தலத்தெருவில் என் வீட்டைக் கண்டுபிடித்து வந்தது. ஒரு மனுஷனை இதற்கு மேல் எப்படி அவமானப்படுத்துவது?

இப்போது அவன் மனைவி காவ்யாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு. காவ்யா, அஞ்சுகத்தின் தங்கை. அம்மா அப்பா இல்லாத பெண்.

"அம்மா இருந்தா அம்மா செய்வாங்க. இப்ப அவளுக்குத் தாய்வீடுன்னா நாமதாங்க. தாய்வீட்டுச் சீர் எங்கன்னு சபையில கேட்டா அந்தப் புள்ள என்ன பதில் சொல்லும்?"

"கூரியர்காரனக் கேக்கச் சொல்லு."

அஞ்சுகம் அழவில்லை. சண்டை போடவில்லை. "சரிங்க" என்று உள்ளே போய்விட்டாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு அந்த 'சரிங்க'வைக் கேட்டதும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பசித்தது. சாப்பிட்டேன்.

சபதத்தில் ஜெயித்த கையோடு வியாபாரத்தில் இறங்கினேன். வியாபாரம் என்றால் என் வலைக்கடை இல்லை. வலையும் கயிறும் மிதவையும் அதுபாட்டுக்கு விற்கும். இது கம்ப்யூட்டர் வியாபாரம். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் பிறந்தும் இந்த வைத்திலிங்கம் வலையையே கட்டிக்கொண்டு அழவேண்டுமா?

எங்கள் வீட்டில் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பீங்கான் சூப் கிண்ணம் ஒன்று உண்டு. மூடியில் ரோஜாப்பூ. இரண்டு பக்கமும் சிங்கமுகப் பிடி. காரைக்காலை விட்டுக் கப்பலேறிய துரை ஒருவர் என் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. துரை சூப் குடித்த அந்தக் கிண்ணத்தில் அஞ்சுகம் புளி போட்டு வைத்திருந்தாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

பிரவுசிங் சென்டர் அஜ்மீர் அதைப் படம் பிடித்து, பழம்பொருள் விற்கிற இணையதளத்தில் போட்டான். சென்னையிலிருந்து தெட்சிணாமூர்த்தி என்று ஒருவர் வந்து மாட்டினார். பழைய பீங்கான் சாமான் சேர்ப்பதுதான் அவருக்கு வேலை. விலை படிந்தது. ஒரே ஒரு நிபந்தனை: கீறல் விழாமல் வந்து சேரவேண்டும். உடைந்தால் பைசா கிடையாது.

உடைந்தால் என்ற வார்த்தை என் தூக்கத்தைக் கெடுத்தது. கூரியர் ஆபீசில் போய் நின்று பார்த்தேன். ஐயா, அக்கிரமம்! 'கண்ணாடி, கவனம்' என்று எழுதிய பெட்டியை ஒருத்தன் வேனுக்குள்ளிருந்து வீசுகிறான். பிடிக்கவேண்டியவன் பீடி பற்றவைத்துக்கொண்டிருக்கிறான். எங்கள் ஊர் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். அங்காவது பிடிக்கக் கீழே ஆள் உண்டு!

"பொருள் ஒடஞ்சா யாருப்பா பொறுப்பு?" என்றேன்.

மேஜைக்காரன் ரசீதைத் திருப்பிக் காட்டினான். யாரும் பொறுப்பில்லை என்பதை எறும்புக்கு மட்டும் தெரிகிற எழுத்தில் பின்பக்கம் முழுக்க அச்சடித்து வைத்திருந்தார்கள். பொறுப்பில்லாதவனுக்குக் கட்டணம் மட்டும் எதற்கு? கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். அஞ்சுகம் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"புதுப் படகு கட்டுனா மொதல்ல என்னங்க பண்ணுவாங்க?"

"வெள்ளோட்டம் விடுவாங்க."

"அப்ப இதுக்கும் விடுங்க. எடுத்த எடுப்புல கிண்ணத்த அனுப்பாதீங்க. ஒடையிற சாமானா வேற எதையாச்சும் அதே மாதிரி கட்டி அனுப்பிப் பாருங்க. நல்லபடியா போய்ச் சேந்தா, பெறகு கிண்ணம்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன முதல் உருப்படியான யோசனை.

"யாருக்கு அனுப்புறது?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. பக்கத்து வீட்டு உம்மு சல்மா. "எங்க மவன் மன்சூர் மெட்ராஸ்லதானே அண்ணே வேலையில இருக்கான்? அவன் பேருக்கு அனுப்புங்க. பிரிச்சுப் பாத்து போன்ல சொல்லிருவான்."

கேட்காமலே உதவுகிற அண்டை வீடு எத்தனை பேருக்கு அமையும்? நெகிழ்ந்து போனேன்.

நான் கட்டும் கட்டு லேசுப்பட்டதில்லை. இறால் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி. உள்ளே கடையில் மிஞ்சிய நைலான் வலைத்துண்டு, அடுக்கடுக்காக. வெளியே அட்டைப்பெட்டி. அதற்கு மேல் படகுக் கயிறு. விசைப்படகையே கட்டி நிறுத்துகிற முடிச்சு!

"உள்ள என்ன வக்கிறது?"

"கண்ணாடி வளையல். அதவிடச் சுளுவா ஒடையிறது எது?"

அஞ்சுகம் கடைத்தெருவுக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்தாள். பச்சை, சிவப்பு, மஞ்சள், ஊதா.

"எதுக்குடி இத்தன கலரு?"

"எந்தக் கலரு ஒடையுதுன்னு தெரிய வேணாமாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. மன்சூர் அலி போன் செய்தான். வளையல் பிழைத்துவிட்டது. ஓரத்தில் ஒரு ஜோடி மட்டும் காலி. ஓரத்துக்கு இன்னும் வலை வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

"போதும், கிண்ணத்த எடு" என்றேன்.

"வளையல்ல கனம் ஏதுங்க? கிண்ணம் கனமால்ல இருக்கு. கனக்கவும் கனக்கணும், தட்டுனா நொறுங்கவும் நொறுங்கணும். அப்படி ஒண்ண அனுப்பிப் பாக்கணும்."

"அப்படி என்னடி இருக்கு?"

"முறுக்கு."

அவளும் சல்மாவும் உட்கார்ந்து முறுக்கு சுட்டார்கள். வாசனை தெருக்கோடி வரைக்கும் போனது. பக்கத்திலேயே ஒரு தாம்பாளத்தில் அதிரசம்.

"அதிரசம் எதுக்கு? அது கீழ போட்டாலும் ஒடையாதே!"

"முறுக்குக்கு நடுவுல மெத்தையா வக்கிறதுக்கு."

ஒரு முறுக்கை எடுக்கக் கை நீட்டினேன். தட்டிவிட்டாள். "எடுக்காதீங்க! கனம் கொறஞ்சா கணக்குத் தப்பாயிடும்." என் வீட்டு அடுப்பு, என் வீட்டு எண்ணெய். எனக்கு ஒரு முறுக்கு இல்லை! விஞ்ஞானம் என்றால் தியாகம் வேண்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

முறுக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அஞ்சுகத்தின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. நம் வியாபாரத்தில் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதற்குள் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது.

"மழைக்கு ஒண்ணு அனுப்பணுங்க."

"பீங்கான் நனஞ்சா என்னடி? அது சூப்பையே தாங்குன சாமான்!"

"பீங்கானுக்கு ஒண்ணுமில்ல. அட்டப் பொட்டி ஊறிப் பிரிஞ்சா கிண்ணம் ரோட்டுல கெடக்குமே? உள்ள ஈரம் போச்சான்னு பாத்துக்கணும். பட்டுல பட்டா உடனே கறை காட்டிக்குடுத்துரும்."

இன்னும் மடிப்புக் கலையாத பச்சைப் பட்டுப்புடவையை எடுத்து நீட்டினாள். எனக்குப் பகீரென்றது.

"பழசு ஒண்ண வையேன்!"

"பழசுலதான் ஏற்கெனவே கறை இருக்கே. எது புதுக்கறைன்னு மன்சூருக்கு எப்படித் தெரியும்? ஊருக்கு வரப்ப பத்திரமா கொண்டாந்துருவான்."

புடவை மடிப்பில் மஞ்சளும் குங்குமமும் ஒரு பொட்டலம் வைத்தாள்.

"இது?"

"ஈரம் பட்டா மொதல்ல கரையிறது குங்குமந்தாங்க."

இதற்கு மேல் ஒருத்தியிடம் என்ன அறிவை எதிர்பார்க்க முடியும்? நானே கட்டினேன். நானே மழையில் நனைந்து தூக்கிக்கொண்டு போனேன். "பாத்து வைப்பா, பாத்து வைப்பா" என்று கூரியர்காரனோடு நானே மல்லுக்கட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. சகலை!

"அண்ணே! எங்க மானத்தக் காப்பாத்திட்டீங்கண்ணே! மன்சூர் தம்பி சீர் அத்தனையும் கொண்டாந்து சபையில வச்சிட்டாரு. பட்டு, வளையல், பலகாரம், மஞ்சக் குங்குமம். காவ்யா அந்தப் பச்சப் பட்ட கட்டிக்கிட்டுதான் மணையில உக்காந்துச்சு. தாய்வீடு எங்கன்னு கேட்டவங்க வாய மூடிட்டாங்க. பத்திரிக விஷயத்துல நான் பண்ணது தப்புண்ணே. நேர்ல வந்து கால்ல விழுறேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். "நல்லா இருங்க" என்று அதுவாகவே சொல்லிவிட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். வீடு அதிரக் கத்தினேன். "என் சபதம் என்னடி ஆச்சு?"

"அதுக்கு என்ன கொறச்சல்? நீங்க அனுப்புனது மன்சூருக்கு. காவ்யாவுக்கு ஒரு துரும்பாச்சும் அனுப்புனீங்களா?" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அம்மாவே வந்து நின்ன மாதிரி இருந்துச்சுக்கான்னு போன்ல அழுவுறா அவ."

இப்படிச் சொன்னால் மேற்கொண்டு எப்படிக் கத்துவது? நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதை நினைத்து இன்னும் கோபம் வந்தது. ஏமாந்தவனுக்கு நிம்மதியாகக் கோபப்படக்கூட இந்த வீட்டில் உரிமை கிடையாது!

போகட்டும். சீர் போனாலும் சோதனை சோதனைதானே? கட்டு பாஸ். சனிக்கிழமை காலையில் கிண்ணத்திலிருந்த புளியை வழித்தெறிந்து, கழுவித் துடைத்து, வலை சுற்றிப் பெட்டிக்குள் இறக்கினேன். கடைசி முடிச்சைப் போடும்போது வாசலில் கார் நின்றது. வெள்ளை வேட்டியில் ஒருவர் இறங்கினார்.

"வைத்திலிங்கம் வீடுதானே? நான் தெட்சிணாமூர்த்தி. திருநள்ளாறு போற வழியில கிண்ணத்த வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன். என்ன சார், எதுக்குக் கட்டிட்டு இருக்கீங்க? கூரியர்ல போட்டா ஒடச்சிடுவான், அனுப்பவே வேண்டாம், ஒரு சனிக்கிழமை நானே வர்றேன்னு வெல பேசுன மறுநாளே உங்க வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேனே? அம்மாதானே எடுத்தாங்க!"

நான் அஞ்சுகத்தைப் பார்த்தேன். அஞ்சுகம் அவரைப் பார்த்து, "வாங்க வாங்க, காப்பி சாப்புடுறீங்களா?" என்றாள்.

கிண்ணத்தை அவர் மடியில் வைத்துவிட்டு, நானும் காரில் ஏறிக்கொண்டேன். திருநள்ளாற்றுக் குளத்தில் முதலில் முழுக்குப் போடவேண்டியவன் நான்தானே?