உங்கள் தங்கை சந்தனம் என்று சொன்ன மஞ்சள்

மதிப்பிற்குரிய மூத்த மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகமாக இருப்பது நாளைக் காலை பதினோரு மணி வரைதான். கண் ஆபரேஷனுக்காக எங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்த உங்கள் தங்கை அப்போது திரும்பி வருகிறாள். இரண்டு கண்ணிலும் இருந்த புரையை எடுத்தாகிவிட்டது. எறும்புக்கு எத்தனை கால் என்றுகூட எண்ணுகிறாளாம். மகள் சந்தோஷமாகச் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டு ஹால் சுவரைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். தான் திரும்பும்போது ஹால் புதுசாக இருக்கவேண்டும் என்று, கிளம்புவதற்கு முன்னால் பெயிண்டரை வரவழைத்து, கலர் அட்டையை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள். "இதான். இளம் சந்தனம். கண்ணுக்கு இதமா இருக்கு." அது சந்தனம் இல்லை மச்சான், பளீர் மஞ்சள். பெயிண்டர், பாவம், "அம்மா, இது கொஞ்சம் தூக்கலா இருக்குமே" என்றார். "அப்போ எனக்குக் கண்ணு தெரியலைங்கறீங்களா?" என்றாள். கண் தெரியாமல்தானே ஆபரேஷனுக்குப் போகிறாய் என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. அவர் பெயிண்ட் வாங்கப் போனார், நான் துணி மடிக்கப் போனேன்.

அடித்து முடித்தாயிற்று. காலையில் ஜன்னலைத் திறந்து வெயில் உள்ளே வந்ததும் நாலு சுவரும் கத்த ஆரம்பிச்சிடுது. சிலிண்டர் கொண்டு வந்தவர் ஒரு கையால கண்ணை மறைச்சுக்கிட்டு இன்னொரு கையால கையெழுத்து வாங்கிட்டுப் போனார். எதிர்வீட்டு அம்மா, "பகல்லகூட லைட்டை அணைக்க மாட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. லைட்டே போடலை. முந்தாநாள் பேப்பர் படிக்கும்போது என் உள்ளங்கையைப் பார்த்தேன், மஞ்சள். நகம், மஞ்சள். கண்ணாடியில பார்த்தா கண்ணு முழியும் மஞ்சள். காமாலையேதான்னு முடிவு பண்ணி டாக்டர்கிட்ட ஓடினேன். அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துட்டு, "எங்க உட்கார்ந்து பார்த்தீங்க?"ன்னார். சொன்னேன். "நாளையிலேர்ந்து வராந்தாவுல உட்காருங்க, சரியாயிடும்"னு அனுப்பிட்டார்.

வெள்ளை அடிச்சு மறைச்சிடுங்கன்னு பெயிண்டரைக் கெஞ்சினேன். "மூணு கோட்டு அடிச்சாலும் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும் சார். அதோட, அம்மா சொன்ன கலரை மாத்தினது நான்தான்னு தெரிஞ்சா?"ன்னார். அவருக்கே அந்தப் பயம்னா, முப்பத்தெட்டு வருஷமா குடும்பம் நடத்தற எனக்கு எப்படி இருக்கும்? மாத்தினா, "ஏன் மாத்தினீங்க?"ம்பா. மாத்தலைன்னா, "கண்ணு தெரியாதவ சொன்னா நீங்களும் தலையாட்டிடறதா?"ம்பா.

ஆகவே தாங்கள் தயவுசெய்து நாளை பத்து மணிக்கே வந்து ஹாலில் உட்கார்ந்துவிட வேண்டும். ஒன்றும் பேச வேண்டாம். அண்ணன் எதிரில் அவள் குரல் உயராது. தங்கள் தெருப்பக்கம் வேலைக்குப் போகும் பெயிண்டரிடமே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல கண்பார்வையோடும் இருக்கட்டும்.

மஞ்சள் வெளிச்சத்திலிருந்து,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதே வந்துவிட்டாள், ஒரு நாள் முன்னாடியே! நாலு சுவரையும் நிதானமா சுத்திப் பார்த்தா. நான் கடிதத்தை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டேன். "நான் நெனச்சதைவிட நல்லா இருக்கு"ன்னா. அப்புறம் என் பக்கம் திரும்பினா. சுவரைப் பார்த்ததைவிட ரொம்ப நேரம் பார்த்தா. கிட்ட வந்தும் பார்த்தா. "ஏங்க, நீங்க எப்போ இவ்வளவு கிழவனானீங்க?"ன்னு கேட்டுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. சொட்டு மருந்துதானாம். எனவே தாங்கள் வர வேண்டாம். தலைக்கு எந்த டை போடுகிறீர்கள் என்பதை மட்டும் பெயிண்டரிடம் சொல்லி அனுப்பவும்.