கூரையில வெச்ச கண்ணாடி

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டின ஒத்தை அறை வீடுங்கள்ல, எங்க காம்பராக் கூரையை வெட்டி ஒரு கண்ணாடி வைக்கணும்.

வெளிச்சத்துக்காகன்னு நெனைக்காதீங்க. எங்க காம்பரா லயத்துக்கு நட்ட நடுவுல. பட்டப்பகல்லயே குப்பி லாம்பு கொளுத்தணும். முத்தையா அண்ணனோடது ஓரத்துக் காம்பரா. பக்கத்துல மரக்கறி போட ஒரு துண்டு நெலமும் உண்டு. அதுமேல என் சம்சாரம் பாக்கியத்துக்கு ரொம்ப நாளாக் கண்ணு.

"காம்பரா மாத்திக்கலாமாண்ணே?"ன்னு ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன்.

"அந்த இருட்டுக்குள்ள எவன் வருவான்?"னுட்டாரு.

அப்பத்தான் எனக்கு மூளை வேலை செஞ்சுது. கூரையில கண்ணாடி வெச்சா காம்பராவுக்கு மதிப்பு கூடும். மதிப்பு கூடினா அண்ணன் தானா எறங்கி வருவாரு.

நான் வேலை பார்க்குற, தேயிலை அரைக்கிற ஸ்டோர்ல பழைய ஜன்னல் கண்ணாடி ஒண்ணு கழிச்சுப் போட்டிருந்தாங்க. டீமேக்கர் ஐயாகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். கூரையில ஏறித் தகரத்தை வெட்டினேன். அளக்காம வெட்டலை. கண்ணாடியை அளந்தேன், வெட்டுற எடத்தை அளக்கலை, அவ்வளவுதான். ஓட்டை ஒரு சாண் பெருசாப் போச்சு.

"ஏங்க, கண்ணாடி உள்ள வந்துரும் போல இருக்கே"ன்னு பாக்கியம் கீழ நின்னு சொன்னா.

"எல்லாம் எனக்குத் தெரியும்"னேன்.

தகரத் துண்டும் தாரும் வெச்சு அடைச்சு முடிக்கவும் மழை புடிச்சுக்கிச்சு. ரெண்டு நாள் விடலை. ஒழுகின தண்ணி அங்க இங்கன்னு விழாம நேரா அடுப்புலயே விழுந்துச்சு. ரெண்டு நாளும் பக்கத்துக் காம்பராவுல ரொட்டி வாங்கித் தின்னோம்.

மூணாம் நாள் வெயில் வந்துச்சு. என்ன வெளிச்சம்ங்கிறீங்க! இத்தனை வருஷம் எவ்வளவு கரிக்குள்ள குடியிருந்தோம்னு அப்பத்தான் தெரிஞ்சுது. பாக்கியம் செவுத்தைப் பார்த்தா, அப்புறம் என்னைப் பார்த்தா. அந்த ஞாயித்துக்கிழமை பூரா நான் சுண்ணாம்பு அடிச்சேன்.

அதுக்கப்புறம் லயமே எங்க வீட்டுலதான். அரிசியில கல்லு பொறுக்க, பேன் பார்க்க, இந்தியாவுல இருந்து வந்த கடுதாசி படிக்க. கடைசியா முத்தையா அண்ணனும் வந்து அண்ணாந்து பார்த்தாரு.

"சரிடா தம்பி, மாத்திக்கலாம். கணக்கப்பிள்ளை ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு."

பாக்கியம் அன்னைக்கே அந்தத் துண்டு நெலத்துல போட போஞ்சி விதை வாங்கி வெச்சுட்டா.

கணக்கப்பிள்ளைகிட்ட நான் ஒரு வார்த்தையோட நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தாத்தானே. "ஐயா, நீங்களே வந்து பாருங்க, பங்களா மாதிரி ஆக்கி வெச்சிருக்கேன்"னேன்.

வந்து பார்த்தாரு. மறுநாள் தோட்டத்துத் தொரையையே கூட்டிட்டு வந்துட்டாரு. தொரை உள்ள வந்து நாலு பக்கமும் சுத்திப் பார்த்தாரு.

"இது யார் செய்தது?"

"நாந்தாங்க தொரை"ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன்.

"ரொம்ப நல்லது. பிள்ளைக்காம்பரா இருட்டு, டாக்டர் சத்தம் போடுறான். இனி இதுதான் பிள்ளைக்காம்பரா."

கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க கைப்புள்ளைங்களை விட்டுட்டுப் போற எடம் அது.

"அப்ப நாங்க எங்கங்க போறது?"

"பழைய பிள்ளைக்காம்பரா காலியாத்தானே கெடக்கப் போகுது"ன்னாரு கணக்கப்பிள்ளை, பெரிய தர்மம் பண்ற மாதிரி.

தோட்டத்துச் சொத்துக்கு நான் மதிப்பு கூட்டியிருக்கேன்னு அந்த நிமிஷந்தான் புரிஞ்சுது. போஞ்சி விதையை பாக்கியம் கொண்டுபோய் முத்தையா அண்ணன் சம்சாரத்துக்கிட்டயே குடுத்துட்டா. ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. காம்பரா போனதைவிட அதுதான் எனக்கு வலிச்சுது.

பாக்கியம் கொழுந்துக்குப் போறப்ப பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டுப் போற எங்க சின்ன மக மட்டும் தினமும் நான் வெச்ச கண்ணாடிக்குக் கீழ படுத்துத் தூங்கிட்டு வர்றா.

இப்ப இருக்குற காம்பராக் கூரையில ஒரு ஆணி ஓட்டை இருந்துச்சு, அது வழியா துளி வெளிச்சம் வந்துச்சு. குடிபோன அன்னைக்கே தார் வெச்சு அடைச்சுட்டேன்.