சிவனேஸ்வரி அக்காவின் சத்தம்

"இதில எது புதுசு, எது பழசு?" என்று நிருஷன் கணினித் திரையைக் கேட்டான்.

கிளிநொச்சியில் ஒரு நெல் கொள்வனவுச் சங்கத்தின் கணினிகளுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. சங்கத்துக் கணக்கு ஓடுவது ஒரு வேர்ச்சுவல் மெஷினில். அதாவது, பெரிய கணினி ஒன்றின் வயிற்றுக்குள் தனிக்கணினி மாதிரி நடிக்கிற இன்னொன்று. அதில் விபரம் சேமிக்கும் இரண்டு டிஸ்க்குகள் கொழுவப்பட்டிருந்தன. ஒன்றில் இந்தப் போகத்தில் நெல் கொடுத்த கமக்காரர் அத்தனைபேரின் விபரமும் இருந்தது. மற்றது நேற்றுப் போட்ட வெறும் டிஸ்க். அதை அழித்துத் தயார்பண்ண வேண்டும். இரண்டும் ஒரே அளவு. காலையில் மெஷினை நிறுத்தித் திரும்பப் போட்டதில் பெயர்களும் இடம் மாறிவிட்டன. திறந்து பார்த்தால் இரண்டுமே 'அடையாளம் தெரியவில்லை' என்றன.

டிஸ்க்குகளின் தொடர் இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் நிருஷனிடம் அதைவிட நம்பிக்கையான கருவி ஒன்று இருந்தது: கணக்காளர் சிவனேஸ்வரி அக்காவின் தொண்டை. கணக்கு ஒரு கணம் நின்றாலும் அவர் போடும் சத்தம் அடுத்த ஊரான முரசுமோட்டைக்குக் கேட்கும். ஒரு டிஸ்க்கைக் கழற்றவேண்டியது. சத்தம் வந்தால் அது பழசு.

ஒன்றைக் கழற்றினான். சத்தம் இல்லை.

அப்படியென்றால் இதுதான் வெறும் டிஸ்க். எதற்கும் சோதித்துப் பார்ப்போம் என்று அதைத் திரும்பக் கொழுவிவிட்டு மற்றதைக் கழற்றினான். அதற்கும் சத்தம் இல்லை!

நிருஷன் எழுந்து அக்காவின் மேசைக்குப் போனான். பசளை உரம் விசாரிக்க வந்ததாகச் சொல்லி வாங்குப் பலகையில் இருந்த வயதான கணவனும் மனைவியும் அவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்கள்.

"அக்கா, கணக்கு ஓடுதோ?"

சிவனேஸ்வரி அக்கா சிரித்தார். அவருக்கு அத்தனை பல் இருப்பது அவனுக்கு இன்றைக்குத்தான் தெரியும். "ஓம் தம்பி, நல்லா ஓடுது. நீங்கள் ஆறுதலாச் செய்யுங்கோ."

கணக்கு ஓடுகிறதென்றால், கழற்றிக் கிடப்பதுதான் வெறும் டிஸ்க். தெம்போடு போய் அதைக் கொழுவி முழுதாக அழித்தான். பிறகு கணக்கைத் திறந்தான்.

முரசுமோட்டைப் பட்டியல் இல்லை, வட்டக்கச்சிப் பட்டியல் இல்லை. ஒரு கமக்காரர்கூட இல்லை.

முகாமையாளர் கதிர்காமநாதனிடம் ஓடினான்.

"சேர், பிழையான டிஸ்க்கை அழிச்சுப்போட்டன்! எல்லாம் போச்சு!"

கதிர்காமநாதன் வாங்குப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். முகம் கத்தரிக்காய் நிறமானது. "அதுக்கென்ன தம்பி," என்றார் தேனொழுக. "மனுசர் எண்டால் பிழை வரும்தானே. போய்த் தேத்தண்ணி குடியுங்கோ."

நிருஷன் வெளியே வந்தான். நேற்று மவுஸ் வேலை செய்யாததற்கே நாய்ப் பேச்சுப் பேசிய மனிதர்! வேலை போய்விட்டது என்று முடிவுகட்டினான். துரத்த முடிவெடுத்த ஆளைத்தான் ஒருவரும் ஏசமாட்டார்கள்.

தேநீர் போடும் கமலாட்சி அக்காவிடம் அழாக்குறையாகப் போய் நின்றான். "அக்கா, என்னை வேலையில இருந்து நிப்பாட்டப் போகினமோ? ஏன் ஒருத்தரும் ஏசினமில்லை?"

கமலாட்சி அவன் காதுக்குக் கிட்ட வந்தார்.

"வாங்கில இருக்கிறது உங்களுக்குக் கலியாணம் பேசுற பொம்பிளை வீட்டுக்காரர் தம்பி, உங்களை விசாரிக்க வந்திருக்கினம், அவை போகுமட்டும் என்ன நடந்தாலும் உங்களை ஒருத்தரும் ஏசக்கூடாது, சத்தம் போடக்கூடாதெண்டு சேர் காலமையே சொல்லிப்போட்டார், இந்தா, எழும்புகினம், நீங்களும் அவையோடையே வெளிக்கிடுங்கோ!"