யாரும் கேட்காத கேமரா

"இது ரொம்ப நல்லா இருக்கு. வேண்டாம்," என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தார் பஸ் டிரைவர் இசிரேலி.

ஹரேந்திராவுக்கு ஒன்றும் புரியவில்லை. சவுசவு பஸ் நிலையத்துக்கு எதிரே பழைய ரேடியோ, மின்விசிறி, கைபேசி எல்லாம் வாங்கி விற்கும் கடை அவருடையது. நன்றாக இல்லை என்று பொருளைத் திருப்பித் தந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இது புது மாதிரி.

"அண்ணே, பழசுதான். ஆனா லென்ஸ் பளிச்சுனு இருக்கு, திரையில ஒரு கீறல் கிடையாது, கைக்கு அடக்கமா இருக்கு. இந்த விலைக்கு வேற எங்க கிடைக்கும்?"

"அதான் பிரச்சினையே. இதை வெளிய எடுத்தா பாக்குறவன் எல்லாம் கேப்பான். எனக்கு யாருமே கேக்காத கேமரா வேணும். ஆனா படம் மட்டும் நல்லா விழணும்."

இப்போது புரிந்துவிட்டது. ஹரேந்திராவும் ஃபிஜியிலேயே பிறந்து வளர்ந்தவர்தானே. இங்கே சொந்தக்காரர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்வது மரியாதை ஆகாது. அதிலும் சகோதரியின் மகன் கேட்டுவிட்டால் தாய்மாமன் மறுபேச்சே பேசக்கூடாது. அந்த உரிமை உள்ளவனுக்கு வாசு என்று பெயர். இசிரேலிக்கு வாய்த்த வாசுவின் பெயர் பெனி, தலைநகர் சுவாவில் வேலை பார்ப்பவன். மாமன் வீட்டிலிருந்து அவன் இதுவரை கேட்டு வாங்கிப் போனவற்றில் ஒரு சைக்கிள், ஒரு மழைக்கோட்டு, பாடிக்கொண்டிருந்த ரேடியோ, குழி அடுப்பில் வெந்துகொண்டிருந்த பன்றியில் பாதி ஆகியவை அடங்கும்.

"பெனி ஊர்லயா இருக்கான்?" என்று அனுதாபத்தோடு கேட்டார் ஹரேந்திரா.

"சுவாவுலேருந்து லீவுக்கு வந்திருக்கான். இவனுக்கு மட்டும் லீவு எங்கேருந்துதான் கிடைக்குதோ."

ஹரேந்திரா மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டார். உள்ளே செத்ததும் சாகப்போவதுமாகக் கேமராக்கள் கிடந்தன. இசிரேலி ஒவ்வொன்றாக எடுத்து, இது அழகு, இது பரவாயில்லை, இது பெனிக்குப் பிடிக்கும் என்று ஒதுக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. வெள்ளிப் பூச்சு உரிந்து சொறி பிடித்த மாதிரி இருந்தது. பேட்டரி மூடி நிற்காமல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார்கள். திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு.

ஹரேந்திராவையே ஒரு படம் எடுத்துப் பார்த்தார். ஹரேந்திரா மூக்கும் முழியுமாகத் தெளிவாக விழுந்திருந்தார்.

"இதுக்கு என்ன பேட்டரி?"

"சாதாரண பென்சில் பேட்டரி. எந்தப் பெட்டிக்கடையிலயும் கிடைக்கும். உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணே, வெளியதான் கண்றாவி."

"அப்படியே கட்டிக் குடு," என்றார் இசிரேலி.

இத்தனை பாடும் மகளுக்காக. உனைசிக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. நாலு வருஷம். மாதக் கடைசியில் சுவாவுக்குக் கப்பல், அங்கிருந்து விமானம். அவளுடைய சின்ன வயதுப் படங்கள் இருந்த கைபேசி, படகிலிருந்து மீன்கூடை இறக்கும்போது இசிரேலியின் சட்டைப்பையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போய்விட்டது. சுவரில் இருப்பதெல்லாம் எல்லோரும் விறைப்பாக நிற்கும் கல்யாணப் படங்கள். அவருக்கு அது வேண்டாம். அவள் கோழியைத் திட்டுவது, ஈரத்தலையோடு வாசலில் நிற்பது, வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு துணி தைப்பது, இவைதான் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மெரேயோனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காசு குடுத்தா வாங்கினீங்க, இல்ல எடுத்துட்டுப் போகச் சொல்லி அவர் காசு குடுத்தாரா?"

பரீட்சையில் தேறிய சந்தோஷம் இசிரேலிக்கு. உனைசி சிரித்துக்கொண்டே கேமராவை வாங்கி அவர் பக்கம் திருப்பினாள். அவ்வளவுதான், மனிதர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, போலீஸ் ஸ்டேஷனில் நிற்பவர் மாதிரி நின்றார். அவள் எடுக்காமலே கேமராவைக் கீழே இறக்கிவிட்டாள்.

"சும்மா இருங்கப்பா, எப்பவும் போல."

"என்னை எதுக்கு எடுக்குற? போறவ நீதான?"

"அந்தச் சட்டையைக் கழட்டுங்க, முதுகுல தையல் விட்டிருக்கு, தைச்சுத் தர்றேன்," என்றாள் மெரேயோனி.

"முதுகை யார் பாக்கப்போறா," என்றார் இசிரேலி.

மறுநாள் காலை உனைசி வாசற்படியில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். முகத்தில் பாதி வெயில், மடியில் பாதித் தோல். இசிரேலி பேட்டரியைப் போட்டு, ரப்பர் பேண்டை மாட்டி, கண்ணுக்கு நேரே கேமராவைத் தூக்கினார். திரையில் மகளுக்குப் பதிலாகப் பெனி நின்றான்.

"மாமா, என்ன அது?"

"குப்பை."

"குடுங்க பாப்போம்." வாங்கிப் பார்த்தவன் கண் அகன்றது. "மாமா, இப்ப சுவாவுல அத்தனை பேரும் இந்த மாதிரிப் பழசைத்தான் தேடி அலையுறாங்க. புதுசு எவனுக்கு வேணும்? எவ்வளவு அசிங்கமா இருக்கோ அவ்வளவு கிராக்கி." கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டான். "எனக்குக் குடுங்க மாமா."

இசிரேலி மகளைப் பார்த்தார். உனைசி கிழங்கிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"உன் போன் எங்கடா?"

"சித்தப்பா கேட்டாரு, குடுத்துட்டேன்."

இதற்கு மேல் என்ன பேச? ரப்பர் பேண்டோடு கேமரா கைமாறியது. ஊரிலேயே அசிங்கமானதைத் தேடி எடுத்து வந்ததற்கு இதுதான் பலன் என்று இசிரேலி மனதுக்குள் தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டார்.

அன்றே மறுபடி ஹரேந்திரா கடை. பெட்டியில் வேலை செய்யும் கேமரா ஒன்றே ஒன்றுதான் மிச்சம். குழந்தைகளுக்காகச் செய்தது. ஒரு காலத்தில் ரோஜா நிறம். மேலே சிரிக்கும் பூனை. இசிரேலி அதை வாங்கி, பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பைப் பூனை தெரியாமல் சுற்றினார். சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுப் படி ஏறும்போது எதிரே பெனி. கழுத்தில் சொறி பிடித்த கேமரா தொங்கியது.

"மாமா, சட்டைக்குள்ள என்ன?"

அவன் கேட்டுவிட்டால் போச்சு. கேட்பதற்கு முன்னால் ஏதாவது சொல்லியாக வேண்டும். யாரும் எதையும் கேட்டு வாங்க முடியாத உரிமையாளர் ஒருவர்தான் இசிரேலியின் நினைவுக்கு வந்தார்.

"இது சர்ச்சோடது," என்றார்.

பெனி மரியாதையாக விலகி வழிவிட்டான். இசிரேலிக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை மறுநாள் காலை பஸ் எடுக்கப் போகும்வரை தாங்கியது. வாசலில் போதகர் நின்றிருந்தார்.

"இசிரேலி, பெனி எல்லாம் சொன்னான். நம்ம சபைக்கு ஒரு கேமரா இல்லையேன்னு எத்தனை நாளா ஜெபம் பண்ணிட்டிருந்தேன் தெரியுமா?"

"அது வந்து, ஐயா..."

"அடக்கமா இருக்கீங்க. ஆனா குடுத்தவரே எடுக்கவும் செய்யணும். இன்னைக்குச் சாயங்காலம் பாடகர் குழு பயிற்சி. வந்துடுங்க."

அன்றிலிருந்து இசிரேலி பஸ் ஓட்டாத நேரமெல்லாம் தேவாலயத்தில் கிடந்தார். பாடகர் குழுவை நின்றபடி எடுத்தார், உட்கார்ந்தபடி எடுத்தார். காணிக்கை கொடுத்த குடும்பங்களை வரிசையாக எடுத்தார். போதகரைப் பிரசங்க மேடையில், பிரசங்க மேடைக்குப் பக்கத்தில், பிரசங்க மேடை இல்லாமல் எடுத்தார். கண் மூடியிருந்த படத்தை அழிக்கப் போனால் போதகர் கையைப் பிடித்துக்கொண்டார். "அது ஜெபம் பண்றேன்னு வெச்சுக்கலாம். சபைச் சொத்து, ஒண்ணையும் அழிக்கக் கூடாது."

ஒரு சனிக்கிழமை உனைசி வலையை எடுத்துக்கொண்டு, "அப்பா, கடைசியா ஒருதடவை மீன் பிடிக்கப் போலாமா?" என்று கேட்டாள்.

"சர்ச்ல ஞானஸ்நானம் இருக்கும்மா. அடுத்த வாரம் போவோம்."

அடுத்த வாரம் போதகர் மனைவிக்குப் பிறந்தநாள் வந்தது.

இது போதாதென்று பெனி வேறு. எங்கே திரும்பினாலும் அவன் நின்றான். சபை விஷயத்தில் பையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, தனியாக மடக்கி இந்தக் கேமராவையும் கேட்கப் போகிறான் என்று இசிரேலி முடிவே கட்டிவிட்டார். சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் களை பிடுங்கும்போது வேலிப்பக்கம் அவன் தலை தெரிந்தால் இவர் மறுபக்கம் இறங்கி ஓடினார். காலையில் தேநீர் குடிக்கும்போது படியில் காலடிச் சத்தம் கேட்டால் கோப்பையோடு சமையலறை வழியாக வெளியேறினார்.

"மாமா, ஒரு நிமிஷம்," என்பான் அவன்.

"அவசரமாப் போறேன் மருமகனே," என்பார் இவர், திரும்பிப் பார்க்காமலே.

ஒருநாள் பஸ் நிலையத்தில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் வந்துவிட்டான். இசிரேலி தாவி ஏறி வண்டியைக் கிளப்பினார். புறப்பட வேண்டிய நேரம் ஆகவில்லை. பயணிகள் பாதிப்பேர் கீழே வடை வாங்கிக்கொண்டிருந்தார்கள். மீன்கூடைக்காரம்மா ஒருத்தி கூடையை பஸ்ஸிலும் தன்னை ரோட்டிலும் வைத்துக்கொண்டு, அடுத்த திருப்பம்வரை கத்திக்கொண்டே ஓடிவந்தாள். முதலாளி கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன இசிரேலி, வண்டி பிரேக் பிடிக்கலையா?"

"மருமகன் வந்தான் முதலாளி," என்றார் இசிரேலி. முதலாளிக்கும் மருமகன்கள் இருந்தார்கள். அதோடு விட்டுவிட்டார்.

மாதக் கடைசி வந்துவிட்டது. துறைமுகத்தில் கப்பல் நின்றது. உனைசி வெள்ளைச் சட்டையும் காதில் பூவுமாக, அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரிக்கவும் அழவுமாக இருந்தாள். இசிரேலி கேமராவைத் தூக்கினார். இது ஒன்று கிடைத்தால் போதும் என்று இருந்தது அவருக்கு. பொத்தானை அழுத்தினார்.

கார்டில் இடம் இல்லை என்றது கேமரா.

அவசரமாகப் பழைய படங்களுக்குப் போனார். முதலில் வந்தது போதகர், வாயைத் திறந்து பாடுகிறார். அழிக்கவா என்று கேமரா கேட்டது.

"என்ன இசிரேலி, என் படத்தையா பாத்துட்டிருக்கீங்க?" பின்னால் போதகரே நின்றிருந்தார். உனைசிக்காக ஜெபம் செய்ய வந்தவர், கேமராவுக்குள் குனிந்து பார்த்தார். "இது நல்லா வந்திருக்கு. பத்திரமா வைங்க."

அவர் நகருவார் என்று இசிரேலி காத்திருந்தார். அவர் நகரவில்லை, ஜெபம் செய்தார். நீளமான ஜெபம். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது உனைசி கப்பலின் படியில் இருந்தாள். அந்த நேரம் பார்த்து, "மாமா, இந்தப் பக்கம் திரும்புங்க, ஒரே ஒருதடவை," என்று பெனியின் குரல் கேட்டது. இங்கேயுமா என்று இசிரேலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கப்பல் தூரத்தில் புள்ளியாகும்வரை அப்படியேதான் நின்றார்.

வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தார். மெரேயோனி பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளி சீவினாள். பழக்கதோஷத்தில் மூன்று பேருக்குச் சீவி, கொஞ்சத்தை எடுத்துத் தனியே வைத்தாள். ஒரு மாதம் மகள் இதே படியில் இருந்தாள். அவளைப் படம் எடுக்கும் கவலையில் அவர் அவள் பக்கத்தில் உட்காராமலே விட்டுவிட்டார். ஒரு தடவை மீன் பிடிக்கவாவது போயிருக்கலாம்.

பெனி வந்தான். ஓடுவதற்கு இசிரேலிக்குத் தெம்பில்லை. டேப் சுற்றிய கேமராவை அவன் பக்கம் நீட்டினார்.

"இந்தா. நீ கேக்குறதுக்கு முன்னாடி நானே தர்றேன். இதுக்காகத்தான ஒரு மாசமா என் பின்னாலயே அலைஞ்ச?"

"அது எனக்கு எதுக்கு மாமா? சர்ச்சோடது." அவன் கழுத்து வெறுமையாக இருந்தது.

"அந்தச் சொறிக் கேமரா எங்கடா? அதையும் எவனாவது கேட்டு வாங்கிட்டானா?"

"கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி ஓடிப்போய் உனைசி பையில போட்டுட்டேன். அவளுக்குத்தான அது."

"அவளுக்கா? உன்னை யார்டா குடுக்கச் சொன்னது?"

பெனி ஒரு படி கீழே உட்கார்ந்தான்.

"அவதான் மாமா உங்ககிட்ட அதைக் கேட்டு வாங்கச் சொன்னா. அப்பாகிட்ட சொன்னா விறைச்சுக்கிட்டு நிப்பாரு, நீ அவருக்குத் தெரியாம எப்பவும் போல இருக்கிற மாதிரி எடுத்துக் குடு, கொண்டுபோறேன்னா. ஆனா நீங்கதான் என்னைப் பாத்தாலே ஓடினீங்களே, அத்தனை படத்துலயும் அந்தக் கிழிஞ்ச சட்டை முதுகுதான் இருக்கு."