மச்சினனை விரட்ட ஒரு கருநீலம்

என் மச்சினன் வரப்போகிறான் என்று தெரிந்த மாலையே நான் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டேன். இந்தத் தடவை அவன் இரண்டு நாளுக்கு மேல் என் வீட்டில் தங்கக் கூடாது. தலைகீழாக நின்றாவது, பெட்டியோடு வருகிறவனைப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் சௌகரியமாக ஒரு சண்டை போட்டு அனுப்பிவிடலாமே. வாய் நிறைய "அத்தான், அத்தான்" என்று கூப்பிடுவான். கூப்பிட்டுக்கொண்டே என் நாற்காலியில் உட்காருவான். என் துண்டில் தலை துவட்டுவான். போன தடவை, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று மழைக்காலத் தொடக்கத்தில் வந்தவன், குடைகளெல்லாம் காய்ந்து பரணுக்குப் போன பிறகுதான் கிளம்பினான். அதுவும் என் செருப்பைப் போட்டுக்கொண்டு.

இதில் எனக்கு உயிர்ப் பிரச்சினை என்னவென்றால் எங்கள் பின்னறை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். நாள் முழுக்க ஊராரின் கண்ணைப் பார்த்துப் பார்த்து அலுத்து வருகிறவனுக்கு வீட்டில் இருக்கிற ஒரே போக்கிடம் அந்த அறைதான். அங்கே உட்கார்ந்து பழைய ரேடியோக்களைப் பிரிப்பேன். திரும்பச் சேர்க்கத் தெரியாது, அது வேறு விஷயம். மச்சினன் வந்தால் அந்த அறை அவனுக்கு. ரேடியோக்களுக்குக் கட்டிலடி. எனக்குக் கூடத்தில், மிக்சி சத்தத்துக்கும் டிவி சத்தத்துக்கும் நடுவில் ஓர் ஓரம்.

மனைவி சேதியைச் சொன்ன விதமே நயமாக இருந்தது. தம்பிக்கு இந்த ஊருக்கே மாற்றலாகிவிட்டதாம். வீடு கிடைக்கிற வரைக்கும் நம்மோடு இருப்பானாம். என்ன வேலை, எங்கே வேலை என்றெல்லாம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. வீடு கிடைக்கிற வரைக்கும் என்ற இடத்திலேயே என் காது அடைத்துப்போய்விட்டது.

"அவன் வர்றதுக்குள்ள பின்னறைக்குப் பெயிண்ட் அடிச்சுடலாங்க," என்றாள். "சுவரைப் பார்க்கவே சகிக்கல."

"அடிச்சாப் போச்சு."

"நல்ல வெளிச்சமா, க்ரீம் கலரா வாங்கிட்டு வாங்க. அடர் கலர் எதையாவது தூக்கிட்டு வந்துடாதீங்க."

"ஏன், அடர் கலர் அடிச்சா என்னவாம்?"

"அவனுக்கு ஒத்துக்காது. சின்ன வயசுல இருந்தே இருட்டு ரூம்னா பயம். ஒரு ராத்திரி தாங்க மாட்டான், பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவான்."

சொல்லிவிட்டு அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் மனைவி எனக்குச் செய்த மிகப் பெரிய உதவி இதுதான். அது அவளுக்கே தெரியவில்லை என்பதை நினைத்தபோது உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது.

பெயிண்ட் கடைக்காரர் கலர் அட்டையை விரித்தார். வெள்ளை, சந்தனம், ரோஜா எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே ஒரு கருநீலம் இருந்தது. அதைப் பார்த்ததும், பொழுது போய்விட்டதா என்று வாசலைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

"இதைவிட இருட்டா ஏதாவது இருக்கா?"

"இதுக்கு மேல வேணும்னா கரியைத்தான் சார் அரைச்சுத் தரணும். தியேட்டர் ஏதாச்சும் கட்டுறீங்களா?"

"இல்ல, மச்சினனுக்கு ரூம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் ஒரு மச்சினன் உண்டு போலிருக்கிறது. ஒரு பிரஷை இனாமாகவே எடுத்து வைத்தார்.

டப்பாவைத் திறந்து பார்த்த மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். படித்துப் படித்துச் சொன்னேனே என்றாள். கடையில் க்ரீம் தீர்ந்துவிட்டது என்று கூசாமல் புளுகினேன். பெருமூச்சு விட்டாள். பெயிண்டரையாவது கூப்பிடலாம், அவர் இதில் கொஞ்சம் வெள்ளையைக் கலந்து வெளிச்சமாக அடித்துக் கொடுப்பார் என்றாள். அதைக் கேட்டதும், நானே அடிப்பது என்று முடிவாகிவிட்டது.

அடர் கலர் அடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. முதல் பூச்சில் சுவர் திட்டுத் திட்டாக இளித்தது. இரண்டாவது பூச்சில் ரோலர் போன தடமெல்லாம் கோடு கோடாகத் தெரிந்தது. அடுத்த பூச்சில்தான் சுவர் வழிக்கு வந்தது. அதற்குள் என் தலைமுடி, காது மடல், பாதி மூக்கு எல்லாம் கருநீலமாகிவிட்டன. கண் சோதிக்கக் கடைக்கு வந்தவர்கள் எழுத்து அட்டையை விட்டுவிட்டு என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி கூடவே இருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ பாவம், என் தம்பி" என்று அங்கலாய்த்துக்கொண்டே, விட்டுப்போன இடங்களை விரலால் காட்டினாள். மேல்தளத்தையாவது வெள்ளையாக விட்டுவிடுங்கள் என்றாள். உடனே அண்ணாந்து அதையும் அடித்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்காவது மெல்லிசாக ஒரு துணி போடலாம், துளி வெளிச்சம் வரட்டும் என்று கெஞ்சினாள். அவள் கெஞ்சியதாலேயே, கம்பளி கணக்காகத் தடித்த திரையாகப் பார்த்து வாங்கி மாட்டினேன். கதவைச் சாத்தி உள்ளே நின்றால், உச்சி வெயில் நேரத்திலும் என் கை எனக்கே தெரியவில்லை. அந்த இருட்டில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் மச்சினன் வந்து இறங்கினான். கண் இரண்டும் சிவந்திருந்தன. காபி குடிக்கக்கூட விடாமல் அவனை நேராகப் பின்னறைக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே போனான். சுவரைத் தடவினான். திரையை இழுத்து மூடிப் பார்த்தான். கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தான். பயத்தில்தான் உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்தேன். வெளியே வந்தவன் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"அத்தான், கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்."

"எப்படி?"

"பிஸ்கட் ஃபேக்டரியில எனக்கு எப்பவும் ராத்திரி ஷிப்டு. விடிய விடிய அடுப்புகிட்ட நின்னுட்டு வந்து பகல்லதான் தூங்கணும். இதுவரைக்கும் தங்கின ரூம்ல எல்லாம் வெள்ளைச் சுவர், வெளிச்சம் கண்ணைக் குத்தும். இப்படி ஒரு ரூம் எங்க தேடினாலும் கிடைக்காது அத்தான். இனிமே எதுக்கு வீடு பார்க்கணும்? இங்கயே இருந்துடுறேன்."

"உனக்கு இருட்டுன்னா பயம்னு சொன்னாங்களே?"

"எனக்கா? அது அக்காவுக்கு."

கதவைச் சாத்திக்கொண்டான். அடுத்த நிமிஷம் குறட்டை கேட்டது. வீட்டில் டிவி வாயடைத்துப்போனது, மிக்சி ஓய்வு பெற்றது. நான் என் சொந்த வீட்டில் நுனிக்காலால் நடந்து சமையலறைக்குப் போனேன். மனைவி சத்தம் வராமல் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் தம்பி நிம்மதியாகத் தூங்குகிற சந்தோஷம் அவள் முகத்தில் வழிந்ததைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கருநீலம்தான் வேணும்னா நேராவே கேட்டிருக்கலாமே. எதுக்கு க்ரீம், க்ரீம்னு உயிரை விட்ட?"

"மெதுவா பேசுங்க, தூங்குறான்," என்றாள். "நேரா கேட்டிருந்தா நீங்க க்ரீம் வாங்கிட்டு வந்திருப்பீங்களே."