பட்டினி வயலுக்கு வந்த சீர்

கல்யாணத்துக்கு நிற்கிற பையன் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். முகம் அப்படி இல்லாவிட்டாலும் அவன் செய்யும் வேலையாவது லட்சணமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டுமே வாய்க்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் வேலை, குத்தம்பாக்கம் பக்கம் ஒரு குத்தகை வயலில் மக்காச்சோளத்தைப் பட்டினி போடுவது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டுதான் செய்தேன். யூரியா வாங்க வக்கில்லாதவன் நிலத்திலும் விளைகிற ஒரு சோளத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஒரு சின்ன விதைக் கம்பெனிக்கு ஆசை. அதற்கு முதலில் நிலத்தை ஓட்டாண்டியாக்க வேண்டும். எருவும் உரமும் போடாமல் பயிர் வைப்போம். அறுத்ததும் தட்டை, சருகு, வேர்க்கட்டை வரை பொறுக்கி வெளியே கொண்டுபோய்விடுவோம். வருஷக்கணக்கில் இப்படியே செய்ததில் அந்த மண்ணில் தழைச்சத்து என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அங்கே விதவிதமான ரகங்களை வரிசைக்கு ஒன்றாக விதைத்து, எது சாகாமல் கதிர் பிடிக்கிறது என்று பார்ப்பேன். பெரும்பாலும் எதுவும் பிடிக்காது. அடியிலை நுனியில் மஞ்சளாகி, நடுநரம்பு வழியாகக் காய்ந்துகொண்டே வரும். தினமும் ஆவடியிலிருந்து பஸ் மாறிப் போய் இதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். (அந்த வயதில் மற்ற பையன்கள் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தது வேறு.)

அந்தச் சவலைக் கூட்டத்தில் பதினேழாம் வரிசை மட்டும் ஒரு பருவம் தலை நிமிர்ந்து நின்றது. பட்டினி கிடக்கும் சோளத்தில் உச்சியிலுள்ள ஆண் பூ மகரந்தத்தைக் கொட்டித் தீர்த்த பிறகுதான் கதிரின் பட்டு நூல் மெதுவாக எட்டிப் பார்க்கும். பிறகு எங்கே மணி பிடிப்பது? பதினேழில் இரண்டும் ஒன்றாக வந்தன. காகிதப் பை மாட்டி, அதன் மகரந்தத்தை அதற்கே தூவி விதை எடுத்தேன். கம்பெனியின் ஆராய்ச்சி டைரக்டர் வந்து பார்த்தார்.

"ஒரு தடவை நின்னது அதிர்ஷ்டமா இருக்கலாம்ப்பா. அடுத்த பருவமும் இதே மண்ணுல நிக்கட்டும். நின்னா வேலை தொடரும், உனக்கும் நிரந்தரம். இல்லேன்னா வயலைத் திருப்பிக் குடுத்துடுவோம்" என்றார்.

அந்த நேரத்தில்தான் நசரத்பேட்டையில் எனக்குப் பெண் பேசினார்கள். பெண் கற்பகம். அவள் அப்பா ஏகாம்பரம், பாட்டன் காலத்திலிருந்து அங்கேயே பயிர் வைத்த குடும்பம். ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த என் அப்பா, "பையன் விவசாய விஞ்ஞானி" என்று அவரிடம் அளந்துவிட்டு வந்திருந்தார். விஞ்ஞானியின் விளைச்சலைப் பார்க்காமல் பெண் கொடுப்பாரா? ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மொபெட்டில் வயலுக்கே வந்துவிட்டார்.

வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். துக்க வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இன்னா மாப்ளே, பயிரு காமாலை கண்ட மாதிரி கீது?"

"இது திட்டமிட்ட பற்றாக்குறை மாமா. தழைச்சத்து குறைந்த சூழலில் தாங்குதிறனைச் சோதிக்கிறோம்." (எனக்கு அப்போதெல்லாம் பாடப்புத்தகமாகத்தான் பேச வரும்.)

"எரு போடலியா?"

"போடக் கூடாது மாமா."

"யூரியாவாச்சும்?"

"கூடவே கூடாது."

அவர் பார்வை என் செருப்புக்கு இறங்கியது. அறுந்த வாரை ஊக்கு போட்டு மாட்டியிருந்தேன். "சர்தான், வுடு மாப்ளே. நாங்கல்லாம் எதுக்குக் கீறோம்?" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். எவ்வளவு பெரிய மனசு என்று நெகிழ்ந்துபோனேன். வயலில் உயிருள்ள பயிரை யாராவது வேண்டுமென்றே வாட விடுவார்கள் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை என்பது என் புத்திக்கு எட்டவில்லை. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் நடந்தது.

அறுவடை முடிந்ததும் காமாலை எனக்கே வந்தது. கோடை முழுக்க ஆவடி குவார்ட்டர்ஸில் கீழாநெல்லியும் மோருமாகக் கிடந்தேன். வயல் தரிசாகக் கிடந்தது. தேறி எழுந்து போனபோது நிலத்துக்காரர் டிராக்டர் விட்டு உழுது வைத்திருந்தார். வரப்போரம் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. குத்தம்பாக்கத்தில் ஆடு மேயாத இடம் ஏது என்று தாண்டிப் போய் விதைத்தேன். இதற்காகவே ஐந்து வருஷம் காலேஜில் படித்திருந்தேன்.

பதினேழு முளைத்தது, வளர்ந்தது, கரும்பச்சையாகத் தழைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பூந்தமல்லி எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன்.

"சார், பதினேழு நிக்கலை சார், ஆடுது!"

"மத்த வரிசையெல்லாம்?"

"அதுவும் பரவாயில்லை சார். மழை நல்ல மழை."

உண்மையில் மற்ற வரிசைகளை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. பெற்ற பிள்ளை மேடையில் ஆடும்போது பக்கத்துப் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்?

டைரக்டர், கம்பெனி முதலாளியையே அழைத்துக்கொண்டு வந்தார். நான் மாமாவை வரச் சொல்லியிருந்தேன். காமாலைப் பயிரைப் பார்த்தவர் இதையும் பார்க்கட்டும் என்று ஒரு திமிர். புதுச் செருப்பு வேறு.

டைரக்டர் பதினேழைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூன்றாம் வரிசைக்குப் போனார். மூன்று என்பது ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் எல்லாப் பருவமும் விதைக்கும் ரகம். முழங்கால் உயரம் வந்ததும் முதலில் சுருண்டு விழும். அதற்காகவே வைத்திருந்தோம். அது டைரக்டரைவிட உயரமாக, பசேலென்று, ஆளுக்கொரு கதிரை இடுக்கிக்கொண்டு நின்றது.

"இது ஏம்ப்பா உயிரோட இருக்கு?" என்றார்.

பதில் வரப்பிலிருந்து வந்தது.

"நல்லா கேட்டீங்க சார்!" மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "எல்லாம் நம்ம கிடைதான். மாப்ளே படுத்துகினு இருந்தாரு. ஆட்டுக்காரன் நம்ம ஆளு. கோடை பூரா ராவானா இங்கதான் மடக்கினோம். மூலை முடுக்கெல்லாம் மாத்தி மாத்தி. ஒரு அடி வுடலை சார்!"

கிடை என்றால் மந்தையை இரவில் வயலில் அடைத்து வைப்பது. புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அதைவிட நல்ல எரு அந்தப் பக்கத்தில் கிடையாது. ஊரே அதற்கு முறை சொல்லிக் காத்திருக்கும். மாப்பிள்ளைக்கு என்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். வருஷக்கணக்கில் நாங்கள் வழித்தெடுத்த சத்தை ஒரே கோடையில் வட்டியோடு திருப்பிப் போட்டுவிட்டார்.

டைரக்டர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி சிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் காகிதப் பைக் கட்டை மார்போடு பிடித்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

மாமாவின் முகம் அப்போதுதான் மாறியது. கிட்டே வந்து, "தப்பாப் பூட்ச்சா மாப்ளே?" என்றார்.

"இல்ல மாமா. பயிர் நல்லா வந்திருக்கு" என்றேன். அது பொய்யும் இல்லை.

வயலைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கும் சீட்டுக் கிழிந்தது. பதினேழு நிஜமாகவே தாங்கக்கூடியதா, இல்லை ஒரு பருவத்து அதிர்ஷ்டமா என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. இப்போதும் சில காலைகளில் அந்த யோசனையோடுதான் விழிப்பு வருகிறது. கல்யாணம் மட்டும் குறித்தபடி நடந்தது. மாமாதான் பூந்தமல்லியில் தெரிந்தவர் கடையில் என்னைச் சேர்த்துவிட்டார். உரக்கடை. உரமில்லாமல் விளைகிற சோளத்தைத் தேடியவன், பல வருஷம் யூரியா மூட்டை விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

கடைசிக் காலத்தில் மாமாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. உப்பு ஆகாது, பருப்பு ஆகாது, ஊறுகாயை நினைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில்தான் இருந்தார். சப்பென்ற கஞ்சியை நான் கொண்டுபோய் வைப்பேன். கிண்ணத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

"எரு போடலியா மாப்ளே?"

"போடக் கூடாது மாமா."

"யூரியாவாச்சும்?"

"கூடவே கூடாது."

இருவரும் சிரிப்போம். தினமும் சிரித்தோம். அந்த வருஷக் கோடையிலேயே போய்விட்டார்.

வருஷா வருஷம் அவருக்குப் படையல் போடும்போது கற்பகம் இலையில் பருப்பைக் குவிப்பாள், ஊறுகாயைக் குவிப்பாள், உப்பைக் கைநிறைய வைப்பாள். "தாத்தாவுக்கு யூரியா போட்டாச்சா?" என்று பிள்ளைகள் சமையலறையிலிருந்து கத்துவார்கள். நான் இலையைச் சுற்றிப் பார்த்து, காலியாக இருக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் வைப்பேன். ஒரு அடி விடுவதில்லை.