ஆறு மணி ஒலிபெருக்கியும் உன் பழைய மேலாளரும்

ப்ரே நகரம், வடதாய்லாந்து
புதன்கிழமை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய தம்பி நரோங்குக்கு,

தென்மதில் வட்டாரத் தலைவியும், நகராட்சிப் பிறப்பு இறப்புப் பதிவகத்தில் முப்பத்தோரு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவளும், உனக்கு இருக்கும் ஒரே அக்காளுமான சங்வியன் எழுதிக்கொள்வது. புத்தபெருமான் அருளால் எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். உனக்கும் உன் மனைவிக்கும், பாங்காக் மழைவெள்ளத்தில் மூழ்கி எழுந்த உன் புதுக் காருக்கும் நலம் உண்டாகட்டும். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன் அக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நலம் விசாரித்தாயிற்று, இனி விஷயம். உன் பழைய மேலாளர் ஹெல்மரை நீ உடனே வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதுவும் சனிக்கிழமைக்குள். ஞாயிற்றுக்கிழமை அவர் இந்த ஊரில் இருந்தால் என் ஒலிபெருக்கி போய்விடும். அது போய்விட்டால் உன் அக்காளும் போன மாதிரிதான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் நீ என்ன சொன்னாய்? "அக்கா, டென்மார்க்காரர், தங்கமான மனுஷன், கப்பல் கம்பெனியில பன்னெண்டு வருஷம் எனக்கு மேலாளர், ரிட்டயர் ஆயிட்டாரு, அமைதியான ஊரு வேணுமாம், நம்ம பின்வீட்டை விடேன்" என்றாய். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "நம்ம ஊரைவிட அமைதி வேணும்னா சுடுகாட்டுக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டேன். பின்வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரேதான் வட்டார ஒலிபெருக்கிக் கம்பம் நிற்கிறது என்பதையும், பத்தொன்பது வருடமாக நான் காலை ஆறு மணிக்கு ஒரு கிராமியப் பாட்டைப் போட்டு, ஹலோ ஹலோ என்று தட்டிப் பார்த்து, வட்டாரச் செய்தி முழுவதையும் இரண்டிரண்டு தடவை வாசிக்கிறேன் என்பதையும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டேன். முதல் நாள் காலையில் அவர் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்த சத்தம் என் முன்வீட்டு மைக் வரைக்கும் கேட்டது.

வந்து சண்டை போடுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஏழு மணிக்கு என் வாசலில் நின்றார். குளித்து, தலைவாரி, பளபளக்கும் தோல் செருப்புப் போட்டு, கையில் மண்வெட்டி. அன்றைக்கு நான் வாசித்தது, 'வட்டாரப் பெருமக்கள் அனைவரும் ஏழு மணிக்குச் சாக்கடை தூர்வாரத் திரண்டு வருமாறு' என்பது. பாங்காக்கில் இருந்தவரைக்கும் ஆங்கிலத்திலேயே காலத்தைத் தள்ளியவர், பாதி புரிந்து, மீதியை எதிர்வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? நான் கூப்பிடுவேன், கேட்டவர்கள் தலையாட்டுவார்கள், வேறு யாராவது போவார்கள் என்று எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார்கள், பத்து மணிக்கு நகராட்சி வண்டி வரும். இந்த மனுஷன் அனைவரும் என்றால் அனைவரும் என்று எடுத்துக்கொண்டார். இடுப்பளவு சேற்றில் தன்னந்தனியாக நின்று, மற்றவர்கள் எப்போது வருவார்கள் என்று என்னைக் கேட்டார். நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

அதற்குப் பிறகு ஒரு அறிவிப்பைக்கூட அவர் விடவில்லை. நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி என்று சொன்னேன். அவருக்கு நாய் இல்லை, பக்கத்துத் தெருவில் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு போனார். அது அவரைக் கடித்து, நாய்க்கு ஒரு ஊசி, அவருக்கு ஐந்து ஊசி. கர்ப்பிணிகள் சுகாதார நிலையத்துக்கு வரவும் என்று வாசித்த அன்றைக்கு, கர்ப்பிணி என்ற சொல் மட்டும் அவருக்கு விளங்கவில்லை; வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். வந்தவரைத் திருப்பி அனுப்ப நர்ஸுக்கு மனம் வரவில்லை, எடை பார்த்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினாள். ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அவர் நம் பாஷையை முழுக்க முழுக்க என் ஒலிபெருக்கியிலிருந்தே கற்றுக்கொண்டுவிட்டார். நூடுல்ஸ் கடையில் போய் நின்று, "அன்பார்ந்த பெருமக்களே, ஓர் அறிவிப்பு. எனக்குப் பன்றி இறைச்சி நூடுல்ஸ் ஒரு கிண்ணம், கொத்தமல்லி இன்றி, தேவைப்படுகிறது. தவறாமல் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. மீண்டும் ஒருமுறை அறிவிக்கிறோம்" என்று ஆரம்பித்து மறுபடி முழுவதையும் சொல்கிறார். முதல் இரண்டு வாரம் இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்களாம். மீண்டும் என்பதற்கு முன்னால் நான் ஒரு இருமல் இருமுவேன் அல்லவா, அந்த இருமலையும் விடவில்லை. சந்தைக்குப் போனால் காய்காரிகள், "சங்வியன் அக்கா, இப்பத்தான் நீங்க மீசையோட வந்து தக்காளி வாங்கிட்டுப் போனீங்க, அதுக்குள்ள திரும்ப வந்துட்டீங்களே!" என்று சிரிக்கிறார்கள்.

இப்போது வந்திருப்பதுதான் பெரிய ஆபத்து. மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் டுவாங்டி ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் வட்டாரக் கூட்டம் கூட்டியிருக்கிறான். "காலங்காத்தால எதுக்கு இந்தக் கத்தல்? எல்லாரு கையிலயும் போன் இருக்கு, குரூப்புல போட்டாப் போச்சு" என்பது அவன் கட்சி. கை தூக்கச் சொல்லி எண்ணப் போகிறார்கள். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று தினமும் சாயங்காலம் ஒட்டரிசிச் சோறும் பன்றித்தோல் வறுவலும் எடுத்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போகிறான். நேற்று பலாமரத்துக்குப் பின்னால் நின்று நானே கேட்டேன். "ஐயா, அமைதின்னு சொல்லித்தானே உங்களைக் கூட்டிட்டு வந்தாங்க? சபையில எந்திரிச்சு உள்ளதைச் சொல்லுங்க, அது போதும்" என்றான். ஹெல்மர் தலையை ஆட்டினார், நரோங். வறுவலை மென்றுகொண்டே ஆட்டினார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. காலை ஆறு மணிக்குப் பேச நானூறு வீடு இருக்கிறது. யாரும் கேட்பதில்லை என்று எனக்கே தெரியும், ஆனாலும் பேசுகிறேன். அதைக் கழற்றிவிட்டால் எழுந்து யாரிடம் பேசுவேன்? பயமாக இருக்கிறது. அதனால் உடல்நிலை, விசா, மாமியார் சாவு, எதையாவது சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடு.

நம் அப்பா அம்மா சேர்த்துவைத்த புண்ணியமெல்லாம் உன்மேல் பொழியட்டும். உன் மனைவிக்கு என் அன்பு; கார் காய்ந்துவிட்டதா என்று தெரிவிக்கவும்.

உன் பாவப்பட்ட அக்காள்,
சங்வியன்

பி.கு.: இன்று செவ்வாய்க்கிழமை. எழுதி ஒட்டிய பிறகுதான் உன் புது வீட்டு முகவரி என்னிடம் இல்லை என்று தெரிந்தது. போன் செய்தால் நீ மீட்டிங்கில் இருந்தாய். அதனால் உறையைப் பிரித்து இதையும் சேர்க்கிறேன். நீ வர வேண்டாம். அவரைக் கூட்டிக்கொண்டு போக யார் வந்தாலும் காலை ஒடித்துவிடுவேன்.

ஞாயிறு சபையில் டுவாங்டி கூப்பிட்டதும் ஹெல்மர் எழுந்து மைக்கைத் தட்டி ஹலோ ஹலோ என்றார். பிறகு சொன்னார்: "அன்பார்ந்த தென்மதில் வட்டாரப் பெருமக்களே, ஓர் அறிவிப்பு. என் ஊரில் எனக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். அவர் காலமாகி மூன்று வாரம் கழிந்த பின்னரே எனக்குத் தெரிய வந்தது. அது மிகவும் அமைதியான ஊர். இங்கே பெரியவர் கம்பான் காலமான செய்தி மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்குக் கிடைத்தது. ஆறரை மணிக்கு நான் அவர் வீட்டில் மற்றவர்களுடன் அமர்ந்து, துக்கவீட்டுச் சமையலுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ஆகவே ஒலிபெருக்கியை அகற்ற வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது." இருமினார். "மீண்டும் ஒருமுறை அறிவிக்கிறோம்" என்று முழுவதையும் திரும்பச் சொன்னார். முதல் தடவை சபை விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாம் தடவை யாரும் சிரிக்கவில்லை. எழுபத்தோரு கை எனக்கு, ஒன்பது கை எதிராக. ஒன்பதில் டுவாங்டியின் கை இல்லை.

அழுத அழுகையில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. திங்கள் காலை குரலே எழும்பவில்லை, அதனால் மைக்கைத் தொடவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. ஆறு பத்துக்கு வெளிக்கதவை யாரோ இடித்தார்கள். டுவாங்டி, பாதி முகம் சவரம் செய்து, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு. "அக்கா! இருக்கீங்களா? சத்தத்தையே காணோமே, போய்ச் சேந்துட்டீங்களோன்னு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு!" அவனுக்குப் பின்னால் தெருவே நின்றது. பேச முடியாமல் கையைத் தூக்கிக் காட்டினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைசியாக ஹெல்மர் வந்தார். இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டை, ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் மூன்று கிலோ பூண்டு. என்னைப் பார்த்ததும் கைகூப்பினார், கண் கலங்கியிருந்தது. வாங்கிய பூண்டை வீணாக்குவானேன் என்று எல்லாரும் என் முற்றத்திலேயே உட்கார்ந்து உரித்தார்கள். நான் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.